ஒரே பயணச்சீட்டில் கதிர்வீச்சும் வளைகாப்பும்

2004 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, காலை 5 மணி 40 நிமிடம். புனே ரயில் நிலையம். தூறல். குடையை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் சளி என்ற வகைத் தூறல். வண்டி ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம். சாமான்கள் ஏழு உருப்படி ஏற்றினோம், ஏழும் இறங்கின. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

"ஏழுல நானும் சேத்தியா?" என்று கேட்டாள் என் மனைவி சிவகாமி.

எனக்கு வயது அறுபத்தேழு. சொந்த ஊர் திருநெல்வேலி. கடைகளின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தும் அரசாங்க ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். ஜூன் மாதம் என் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டில் புற்று என்றார்கள். சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். கத்திக்குத் தப்பிய செல்கள் ஏதாவது ஒளிந்திருந்தால் அவற்றைக் கொல்ல, கதிரியக்கம் ஏற்றிய அயோடினை ஒரு முறை விழுங்க வேண்டும் என்றார்கள். அதற்கென்று தனி அறை உள்ள ஆஸ்பத்திரிகள் குறைவு. சென்னையில் வரிசை நீளம். புனேயில் இடம் இருந்தது. புனேயில் என் ஒரே மகள் உமாவும் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணியாக. அவளுக்கு வளைகாப்பு நடத்த நாங்கள் எப்படியும் புனே போகத்தான் வேண்டும்.

ஆக, இரண்டு காரியம், ஒரு பயணம். தனித்தனியாகப் போய்வந்தால் ஆகும் கூடுதல் டிக்கெட் பணம் ரூபாய் 1,164. அதை மிச்சப்படுத்திய கெட்டிக்காரன் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை செந்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஆட்டோ பிடித்து, அவர்கள் வீடு இருக்கும் வானவடிக்குப் போனோம். இறங்கும்போது மீட்டரைப் பார்த்தேன். நான்கு ரூபாய் அறுபது காசு. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு மலிவா என்று மகிழ்ந்து ஐந்து ரூபாயை நீட்டினேன். டிரைவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்தார். மீட்டர் இந்த எண்ணைக் காட்டினால் நீ அந்த எண்ணைக் கொடு என்று அதில் பட்டியல். மீட்டர் செய்தபோது இருந்த விலை வேறு, இப்போதைய விலை வேறு. மீட்டரை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். நெல்லையில் மீட்டரே கிடையாது, வாய்தான். இங்கே மீட்டர் உண்டு, ஆனால் அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குனிந்து, மீட்டரில் அரசாங்க ஈய முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. டிரைவர் மராட்டியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதார்?"

"ஒண்ணுமில்ல மாமா."

மாடிப்படி ஏறும்போது வற்புறுத்திக் கேட்டேன். "இந்தக் கிழவருக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கீங்களா, சீக்கிரம் பாருங்கன்னு சொன்னான் மாமா."

வீடு மூன்றாவது மாடி. படிகள் ஐம்பத்து நான்கு. தரைத்தளத்தில் ஜாதவ் என்ற ஓய்வுபெற்ற சுபேதார் குடியிருந்தார். அவர் கதவில் ஒரு பலகை தொங்கியது. செந்தில் படித்துச் சொன்னார்: "மணியை ஒரு முறை அழுத்தவும். நாங்கள் செவிடர்கள் அல்லர். திறக்கவில்லை என்றால் திறக்க விருப்பமில்லை என்று அறியவும்." இந்த ஊரில் நாம் நன்றாகப் பழகலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி. டாக்டர் கனிவான மனிதர். ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். வெளியே இயந்திரம் வைத்துச் சுடுகிற வைத்தியம் அல்ல இது. மருந்து வயிற்றுக்குள் போகும், ரத்தத்தில் கலக்கும், தைராய்டு செல் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும், உள்ளேயிருந்தே சுடும். வலி இருக்காது. முடி கொட்டாது. ஆனால் சில நாளைக்கு உங்கள் உடம்பே கதிர்வீசும். அதனால் தனி அறை. கதிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வெளியே விடுவோம். எட்டு நாளைக்கு ஒரு முறை மருந்தின் வீரியம் பாதியாகும்; அதோடு சிறுநீரிலும் வியர்வையிலும் பெரும்பகுதி சீக்கிரமே வெளியேறிவிடும்.

பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. ஒருபோதும் பூஜ்யமாகாத கணக்கு. எனக்குப் பிடித்திருந்தது.

"வீட்டில் குழந்தைகள் உண்டா?"

"இல்லை. நவம்பரில் வரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கர்ப்பிணி இருக்கிறாரா?"

மகளுக்கு வளைகாப்பு, இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட நேரத்திலிருந்து பத்து நாள் கர்ப்பிணிகள் பக்கமும் குழந்தைகள் பக்கமும் போகக்கூடாது என்றார். ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.

வைத்தியத்தைத் தள்ளிவைக்க வழியில்லை. இதற்காக நான்கு வாரமாகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தேன். மாத்திரை நின்றால் உடம்பு, சாவி தீரப்போகும் கடிகாரம் மாதிரி ஆகிவிடும். ஆகஸ்டில் ஸ்வெட்டர், முகத்தில் வீக்கம், மூன்று நாளைக்கு ஒரு முறை மலம், பேசினால் தவளைக் குரல். இன்னொரு முறை அதற்கு நான் தயாராக இல்லை. வளைகாப்பையும் தள்ள முடியாது. அடுத்த வளர்பிறை வருவதற்குள் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் எங்களவர்கள் செய்வதில்லை. புனேத் தமிழர்களுக்கு நல்ல நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்திரண்டு பேரைக் கூப்பிட்டாகிவிட்டது.

நான் விரல்விட்டு எண்ணினேன். பதினாறாம் தேதி திங்கட்கிழமை மருந்து. பதினெட்டு புதன்கிழமை வெளியே விட்டால் இருபத்தெட்டு சனிக்கிழமை பத்து நாள் முடியும். ஞாயிற்றுக்கிழமை நான் சுத்தம். ஒரு நாள் கையிருப்பு.

"புதன்கிழமை விட்டுவிடுவீர்களா?"

"அது உங்கள் உடம்பைப் பொறுத்தது. நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார் டாக்டர்.

அதற்கிடையே பத்தியம். அயோடினுக்குப் பசித்திருக்கும் செல்தான் மருந்தை ஆவலாக விழுங்குமாம். ஆகவே அயோடின் கலந்த உப்பு கூடாது. பால், தயிர், மோர் கூடாது. அறுபத்தேழு வருடத்தில் தயிர்ச்சோறு இல்லாமல் நான் எழுந்த பந்தி எதுவும் நினைவில்லை. உப்புக்குப் பதில் இந்துப்பு. அதை வாங்க மதியம் ஒன்றே கால் மணிக்கு ஒரு கடைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"நாலு மணிக்கு வாங்க. கடை மூடியிருக்கு."

"திறந்துதானே இருக்கிறது?"

"கதவு திறந்திருக்கு, காற்றுக்காக. கடை மூடியிருக்கு."

நாலு மணிக்குப் போனேன். இந்துப்பை நிறுத்தபடியே, "எந்த சாமிக்கு விரதம்?" என்று கேட்டார். விரத நாளில் இந்த ஊர்க்காரர்கள் இந்த உப்புதான் சேர்ப்பார்களாம். அயோடினுக்கு விரதம் என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். தராசு சரியாக இருந்தது.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை, ஆடி கடைசி நாள். நல்ல காரியம் எதையும் தொடங்காத நாள். அணு விஞ்ஞானத்துக்கு ஆடி தெரியாது. காலை பதினொரு மணிக்கு என்னை அறைக்குள் விட்டார்கள். நீளம் பதினான்கடி, அகலம் பத்தடி. கதவுக்குள் ஈயத் தகடு. சாத்தினால் பெட்டகம் சாத்தின சத்தம். கட்டில், டிவி, அறைக்கென்று ஒரு கழிப்பறை. டிவி ரிமோட், தொலைபேசி, கதவுப் பிடி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஊறுகாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

சுவரில் விதிகள் பன்னிரண்டு. உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், ஆணானாலும். ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் தண்ணீர் விட வேண்டும். தினம் குளிக்க வேண்டும். எச்சில் சுரப்பி வீங்காமலிருக்கப் புளிப்பு மிட்டாய் சப்ப வேண்டும். உள்ளே வந்த பொருள் அளந்து பார்க்காமல் வெளியே போகாது. இந்தக் கழிப்பறைத் தண்ணீர் ஊர்ச் சாக்கடைக்குப் போகாதாம். தனித் தொட்டியில் பல வாரம் கிடந்து வீரியம் ஆறின பிறகுதான் விடுவார்களாம். முப்பத்து மூன்று வருட சர்க்கார் சேவையில் என்னுடைய எதையும் யாரும் இத்தனை பத்திரமாக வைத்ததில்லை.

மருந்தைக் கொண்டுவந்தவள் ஒரு சின்னப் பெண். கதிரை அளப்பது அவள் உத்தியோகம். தள்ளுவண்டியில் ஈயக் குடுவை. அதற்குள் ஒரு குப்பி. அதற்குள் ஒரே ஒரு மாத்திரை, சாதாரண ஜுர மாத்திரை மாதிரி. குப்பியை இடுக்கியால் எடுத்து நீட்டினாள். வாயில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் மூன்றடி பின்னால் போயிருந்தாள்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று கையிலிருந்த கருவியைக் காட்டி அளந்தாள். இருபத்தொன்று. ஐந்துக்குக் கீழே வந்தால் வீட்டுக்கு.

வாழ்நாளெல்லாம் நான் மற்றவர்களை அளந்தேன். என்னை அளந்து எண் சொன்னவர் இதுவரை யாருமில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய் முழுக்கத் தண்ணீர் குடித்தேன். இருபத்தேழு டம்ளர். கழிப்பறைக்குப் பத்தொன்பது முறை, ஆகவே முப்பத்தெட்டு தரம் தண்ணீர் விட்டேன். மிட்டாய் முப்பத்தொன்று. தாடை வீங்கி, வாயில் செம்புக் காசு சப்பின ருசி. லேசான குமட்டல். சாப்பாடு கதவருகே ஸ்டூலில் காகிதத் தட்டில் வரும். வைத்தவர் வராந்தா முனைக்குப் போன பிறகு நான் கதவைத் திறந்து எடுக்க வேண்டும். உப்பில்லாத பருப்பில் வெல்லம். இந்த ஊரில் பருப்புக்கு வெல்லம் போடாவிட்டால் கைது செய்வார்கள் போலிருக்கிறது. அன்றைய அளவு பதினொன்று புள்ளி நான்கு.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி நின்றேன். அளந்தாள். இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அளந்தாள்.

"ஐந்து புள்ளி நான்கு."

"ஐந்து என்று வைத்துக்கொள்ளலாமே."

"வைத்துக்கொள்ள முடியாது, காகா" என்று மராட்டியில் சித்தப்பா முறை வைத்தாள். "ஐந்துக்குக் கீழே."

"புள்ளி நான்குதானே அம்மா. மகளுக்கு வளைகாப்பு. இன்று விட்டால்தான் கணக்கு சரியாக வரும். காலையிலேயே எட்டு டம்ளர் குடித்துவிட்டேன். போகிற வழியில் இறங்கிவிடும்."

"புள்ளி நான்கு என்றால் புள்ளி நான்கு" என்று அவள் கோபமில்லாமல் சொன்னாள். "நாளைக்கு வருகிறேன்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஐந்து கிராம் தேய்ந்த எடைக்கல்லுக்கு அபராதம் எழுதும்போது, "அஞ்சு கிராம்தானே அய்யா" என்று கும்பிட்ட கடைக்காரர்களிடம் நான் பேசிய குரல் அது.

நாலு மணிக்குச் சிவகாமி வந்தாள். பார்க்க வருகிறவர்கள் வராந்தாவில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், பத்து நிமிடம். நான் கதவைத் திறந்து உள்ளேயே நின்றேன். நடுவே பன்னிரண்டடி. புள்ளி நான்கின் அநியாயத்தை அவளிடம் முறையிட்டேன்.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். காகிதத் தட்டைப் பார்த்தாள். மூலையில் தனியாகக் கட்டி வைத்திருந்த என் துணி மூட்டையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என்ன சிரிப்பு?"

"தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை. சோத்த எட்ட வெச்சுட்டு ஓடிருதாவ. துணியத் தனியா அலசணும். மூணு நா ஒக்காந்து எந்திரிச்சுக் குளிச்சாத்தான் வீட்டுக்குள்ள. இதுக்கா இங்கிலீசுல நாலு பக்கம் எழுதிக் குடுத்தாவ? எங்கிட்ட கேட்டா வாயாலயே சொல்லிருப்பேனே."

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டு. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் வீட்டுக்கு விலக்கு. பின் அறை, ஓலைப்பாய், நெளிந்த அலுமினியத் தட்டு. நாலாம் நாள் சூரியன் உதித்துத் தலைக்குக் குளித்தால்தான் உள்ளே. ஊரில் பல வீடுகளில் இதைக் கொஞ்சம் இப்படி அப்படித் தளர்த்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் நான் காலண்டரில் குறித்து வைத்தேன்.

"அது வேற, இது வேற. இது விஞ்ஞானம்."

"ஆமா. இதுக்கு மீட்டர் இருக்கு. அதுக்கு நீங்க இருந்திய."

பன்னிரண்டடி தூரத்திலிருந்து அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். "எழுபத்திரெண்டுல சங்கரங்கோயில்ல எந்தம்பி கல்யாணம். முகூர்த்தம் காலைல நாலரை மணி. எனக்கு அன்னைக்கு நாலாம் நாள். விடிய ஒண்ணே முக்கா மணி நேரம் பாக்கி. யாருக்குத் தெரியப் போவுது, குளிச்சிட்டு வாரேன்னு எவ்வளவு கெஞ்சினேன். என்ன சொன்னிய?"

எனக்கு ஞாபகம் இருந்தது. சூரியன் உதிக்கணும் என்றேன். நான் மட்டும் முந்தின ராத்திரியே பஸ் ஏறிப் போனேன். மொய் எழுதினேன். மறுநாள் சம்பந்தி விருந்தில் சொதிக்கு மூன்று முறை சோறு வாங்கினேன். தேங்காய்ப் பாலில் செய்யும் எங்கள் ஊர்ச் சொதி நேரத்தோடு சாப்பிட வேண்டிய பண்டம். அவளுக்கென்று தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டது, நான் வீடு வந்து சேருவதற்குள் புளித்துவிட்டது.

"புள்ளி நாலுக்குப் பத்து நிமிஷமா புலம்புதிய" என்றாள் சிவகாமி. "டயம் ஆச்சி. வாரேன். தண்ணியக் குடிங்க."

அன்று மாலை டிவியை அணைத்துவிட்டு நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். கல்யாணமான 1963 முதல் அவளுக்கு நின்ற 1990 வரை இருபத்தேழு வருடம். மாதம் முந்நூற்று இருபத்து நான்கு. உமாவைச் சுமந்ததற்கும் பாலூட்டியதற்கும் பதினெட்டு கழிக்க, முந்நூற்று ஆறு. மும்மூன்று நாள். தொள்ளாயிரத்துப் பதினெட்டு. இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன். இரண்டரை வருடம். எனக்கு அந்த அறையில் அப்போது ஆகியிருந்தது இரண்டு நாள் ஏழு மணி நேரம்.

வியாழக்கிழமை அளவு மூன்று புள்ளி இரண்டு. பெரிய இயந்திரத்தின் கீழே படுக்கவைத்து உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். மருந்து கழுத்தில் மட்டும் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது, வேறெங்கும் பரவின அடையாளம் இல்லை என்றார் டாக்டர். அவரைக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார், ஒரு மீட்டர் தள்ளி. என் நோட்டைக் கருவி முன்னால் பிடித்ததும் முள் துள்ளியது. என் விரல் வியர்வையாம். நோட்டை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. இந்தக் கட்டுரையின் எண்களுக்கு அதுவே ஆதாரம்.

விடுவித்த சீட்டில் அந்தப் பெண் நேரம் எழுதினாள்: பகல் 12 மணி 10 நிமிடம். பத்து நாள் முடிவது ஞாயிறு பகல் 12.10. வளைகாப்பு பத்து மணிக்கு. இரண்டு மணி பத்து நிமிடம் குறைந்தது.

உமா வீட்டுக்குப் போக முடியாதே. செந்திலின் நண்பர் ஒருவர் அமெரிக்கா போயிருந்தார். நிக்டியில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. வாடகை சூமோவின் கடைசி வரிசையில் என்னை ஏற்றினார்கள். சிவகாமி முன்னால். பாதி வழியில் ஒரு போக்குவரத்து நெரிசலில், டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் செந்திலிடம் கேட்டார்: "பெரியவர் கோபித்துக்கொண்டாரா?"

நிக்டி ஒழுங்கான ஊர். கோடு போட்டுக் கட்டிய தெருக்கள், தொழிற்சாலை ஷிப்டுக்கு ஓடும் பஸ்கள். அந்தப் பத்து நாளில் நான் ஊரைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். உள்ளே ராஜ்யம் சிவகாமியுடையது. முதல் வேலையாக ஒரு தட்டும் டம்ளரும் வாங்கி வந்தாள். எனக்கு ஓர் அறை, அவளுக்கு ஓர் அறை. சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டுப் பத்தடி பின்வாங்குவாள்.

"டாக்டர் ஒரு மீட்டர்னுதான் சொன்னார்."

"டாக்டருக்கு என்ன அனுபவம்?"

ஆனால் முதல் நாளே அந்தத் தட்டில் தயிர்ச்சோறு இருந்தது. புனேத் தயிர் கொஞ்சம் இனிக்கும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஏழாம் நாள் குரலில் பாதி திரும்பி வந்தது. அந்தப் பாதிக் குரலில் மனுச் செய்தேன். "இரண்டே மணி நேரம்தான். ஹாலில் ஒரு மூலையில் நின்றுகொள்கிறேன். உமாவிடம் நீ சொன்னால் கேட்பாள்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பழி வாங்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு நான் போயிருந்தா யாருக்கு என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. இது அப்படி இல்லல்லா. வயித்துல பிள்ளை இருக்கு. பன்னெண்டு பத்துக்கு வாங்க."

சனிக்கிழமையே அவள் வானவடி போய்விட்டாள். ஞாயிறு காலை ஏழரைக்கு நான் கிளம்பினேன். பன்னிரண்டுக்குப் போனால் போதும்தான். இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து ஆகுர்டி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி, யார் பக்கத்திலும் உட்காராமல் கதவோரம் நின்றேன். குழந்தையோடு இருந்த ஓர் அம்மாள், "உட்காருங்க காகா" என்று எழுந்து இடம் கொடுத்தாள். குழந்தையைக் கண்டு நான் நகர்ந்தேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவளும் நகர்ந்து வந்து அழைத்தாள். இன்னும் நகர்ந்தேன். இன்னும் வந்தாள். ஒரு பெட்டி முழுக்க என்னை மரியாதையால் துரத்தினாள். கடைசியில் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டி ஏறினேன். மராட்டியரின் மரியாதைக்கு ஒரு மீட்டர் போதாது.

வானவடியில் ஆட்டோ அட்டையை நானே வாங்கிப் படித்துச் சரியான தொகை கொடுத்தேன். மணி ஒன்பது ஐம்பது. தெருமுனையில் கணபதிப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ டோல் மேளம் அடித்துப் பழகும் சத்தம். கட்டட வாசலில் ஒரு மரத்தடியில் நின்றேன். சுபேதார் ஜாதவ் இரண்டு நாற்காலிகளோடு வந்தார். சென்னைப் பக்கம் ராணுவ வேலையில் இருந்தபோது மூன்று தமிழ் வாக்கியங்கள் கற்றவர்.

"சாப்பாடு ஆச்சா?"

"இல்லை."

"ரொம்ப வெயில்" என்றார். தூறிக்கொண்டிருந்தது. பிறகு இந்திக்கு மாறினார். "உங்கள் மனைவி எல்லாம் சொன்னார். எல்லையில் காவல் இருப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பழக்கம்." நாற்காலியை என்னிடமிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மேலே சிரிப்புச் சத்தம். யாரோ ஒரு பெண் பாதியில் வரி மறந்து பாட, மற்றவர்கள் கேலி செய்தார்கள். பிறகு கண்ணாடி வளையல் சத்தம், ஒவ்வொரு ஜோடியாக. நான் எண்ண முயன்றேன். மூன்று மாடி உயரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

பதினொன்றரைக்குச் சிவகாமி பால்கனிக்கு வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ.

"மணி என்ன?" என்று மேலிருந்து கேட்டாள்.

"பதினொண்ணு முப்பத்திரண்டு."

"இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. அங்கனயே இருங்க."

பிறகு ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. இந்த ஊர் மாடிக்காரர்கள் காய்கறி வாங்க வைத்திருக்கும் கூடை. என் கைக்கு வந்ததும் திறந்தேன். தூக்குச்சட்டி. சூடு. சொதியும் சோறும், இஞ்சிப் பச்சடியும். வளைகாப்புக்கு யாரும் சொதி வைப்பதில்லை, சித்ரான்னம்தான் வழக்கம். அன்று காலை அவள் தனியாகத் தேங்காய் பிழிந்திருக்கிறாள்.

மேலே பார்த்தேன். "ஆறிரும். சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதியை ஜாதவுக்குக் கொடுத்தேன், என் கை படாத பாதி.

12.10க்கு ஐம்பத்து நான்கு படியும் ஏறினேன். மாலையும் கழுத்துமாக உமா நாற்காலியில் இருந்தாள். "வாங்கப்பா. இந்தாங்க, எண்ணிக்கோங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். இடது கையில் இருபத்தொன்று. வலது கையை எண்ணும்போது வேண்டுமென்றே குலுக்கினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி குலுக்கினாள்.

திருநெல்வேலி திரும்பிய மறுநாள் கணக்கை முடித்தேன். ஆஸ்பத்திரி, மருந்து, சூமோ, ஆட்டோ, இந்துப்பு, மிட்டாய் உட்பட வைத்தியச் செலவு ரூ. 26,418.50. இரண்டு காரியத்தை ஒரே பயணத்தில் முடித்ததில் மிச்சம் ரூ. 1,164 என்று கீழே சிவப்பு மையில் எழுதினேன். சிவகாமி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அந்த மிச்சத்த இங்க குடுங்க. சங்கரங்கோயிலுக்குப் போயி தம்பி வீட்ல நாலு நாளு இருந்துட்டு வாரேன். நீங்க வர வேண்டாம். நீங்கதான் அப்பவே போயிட்டு வந்தாச்சே."

எண்ணிக் கொடுத்தேன். அவளும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

ஆக மொத்தச் செலவு ரூ. 27,582.50.